ஒரு பெயர், 14 கோப்புகள்: தொழில்நுட்பக் கையேடுகளில் மாறிகளைக் கையாளும் முறை

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றுக்குக் கையேடு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டைப் பக்கம், பொருளடக்கம், எட்டு அத்தியாயங்கள், மூன்று பின்னிணைப்புகள், சொல்லடைவு என மொத்தம் 14 கோப்புகள். கருவியின் பெயர் நீரோடை. எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகிற வாரத்தில் பெயர் சங்கமம் என்று மாறுகிறது. பதிப்பு எண்ணும் 3.1 அல்ல, 3.2.

தேடி மாற்றினால் போதுமே என்று தோன்றும். 14 கோப்புகளிலும் தேடத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் ‘நீரோடை’ என்றும், இன்னொருவர் ‘நீரோடை-3’ என்றும், மூன்றாமவர் ‘நீரோடை கண்ட்ரோலர்’ என்றும் எழுதியிருப்பார்கள். தோட்டத்தின் ஓரமாக ஓடும் உண்மையான நீரோடையைப் பற்றி நிறுவல் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கும். அதுவும் சேர்ந்து மாறிவிடும். 3.1 என்ற எண் பதிப்பையும் குறிக்கும், மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பிரிவையும் குறிக்கும், ஓர் அளவையும் குறிக்கும். இவற்றை எந்திரத்தால் பிரித்தறிய முடியாது.

இதற்குத்தான் மாறி. ஆங்கிலத்தில் வேரியபிள் என்பார்கள். எழுதும்போது கருவியின் பெயரைத் தட்டச்சு செய்வதில்லை. ‘கருவியின் பெயர் இங்கே வரும்’ என்று சொல்லும் ஒரு குறியை வைக்கிறோம். அந்தக் குறிக்கு உரிய சொல் வேறோரிடத்தில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். அதற்கு வரையறை என்று பெயர். வரையறையை மாற்றினால் குறி இருக்கும் இடமெல்லாம் புதிய சொல் வந்து உட்காரும்.

கருத்து இவ்வளவுதான். ஒற்றைக் கோப்பில் இதைச் செய்வது எளிது. பல கோப்புகள் சேர்ந்த நூலில் சிக்கல் வருவதற்குக் காரணம் ஒரே கேள்வி: அந்த வரையறை எங்கே குடியிருக்கிறது? பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். இந்தக் கட்டுரை அடோபி ஃபிரேம்மேக்கரை எடுத்துக்கொண்டு விளக்குகிறது. ஃபிரேம் டெக்னாலஜி நிறுவனம் உருவாக்கி, 1995-இல் அடோபியின் கைக்கு வந்த இந்த மென்பொருள், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கையேடுகளுக்காகவே அமைந்தது. மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

எதை மாறியாக்கலாம், எதை விட்டுவிடலாம்

கருவியின் முழுப்பெயர், குறும்பெயர், மாடல் எண், மென்பொருள் பதிப்பு, கையேட்டின் ஆவண எண், வெளியீட்டுத் தேதி, நிறுவனத்தின் பெயர், சேவை மையத் தொலைபேசி எண் ஆகியவை மாறியாவதற்கே பிறந்தவை. பல இடங்களில் வருபவை, மாறக்கூடியவை, எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டியவை. இந்த மூன்று பண்புகளும் சேர்ந்திருந்தால் தயங்காமல் மாறியாக்குங்கள்.

வணிகக் குறியுள்ள பெயருக்கு இரண்டு மாறிகள் வையுங்கள். முதல் முறை வரும்போது ® குறியோடு முழுப்பெயர். அதன்பின் குறியில்லாத குறும்பெயர். ஒரே மாறியை எல்லா இடத்திலும் போட்டால் ஒவ்வொரு வரியிலும் ® நிற்கும். படிப்பவருக்கு அது கண்ணை உறுத்தும்.

ஒரே எழுத்துகளாக இருப்பதாலேயே இரண்டு விஷயங்களை ஒரு மாறிக்குள் அடைக்கக் கூடாது. இணைப்பு முனையின் திருகாணியை 2.5 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்க வேண்டும். புவி இணைப்புத் திருகாணிக்கும் தற்செயலாக அதே அளவு. இரண்டுக்கும் ஒரே மாறியைப் போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு புவி இணைப்புத் திருகாணி மட்டும் மாறும்போது மற்றதும் சேர்ந்து தவறாகிவிடும். அச்சிட்ட பக்கத்தைப் பார்ப்பவருக்குப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே எண்தான் இருக்கும். மாறி பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எழுத்தை அல்ல. பாதுகாப்பு தொடர்பான அளவுகளில் இந்தக் கவனம் கட்டாயம் தேவை.

நூலில் ஓரிரு இடத்தில் மட்டும் வரும் சொல்லுக்கு மாறி வேண்டாம். பத்தி அளவு நீளும் எச்சரிக்கை வாசகத்துக்கும் மாறி பொருந்தாது; ஃபிரேம்மேக்கர் மாறிக்குள் பத்தி முறிவு வைக்க முடியாது. அத்தகைய வாசகத்தைத் தனிக் கோப்பில் எழுதி, ‘டெக்ஸ்ட் இன்செட்’ என்ற வசதியால் வேண்டிய இடங்களில் இறக்குமதி செய்யுங்கள்.

மாறிகளின் எண்ணிக்கை கூடக்கூட, புதிதாகச் சேரும் எழுத்தாளர்கள் எது எதற்கு என்று தெரியாமல் நேரடியாகத் தட்டச்சு செய்யத் தொடங்குவார்கள். அங்கேதான் ஒழுங்கு உடையும். பத்திலிருந்து இருபது மாறிகள் என்பது ஒரு கையேட்டுக்குத் தாராளம்.

ஒரு மாறியை உருவாக்குவது

ஃபிரேம்மேக்கரில் இரண்டு வகை மாறிகள் உண்டு. பக்க எண், கோப்புப் பெயர், தேதி போன்றவற்றை மென்பொருளே நிரப்பும்; அவை சிஸ்டம் மாறிகள். நாமே பெயரும் வரையறையும் கொடுப்பவை யூசர் மாறிகள்.

அண்மைப் பதிப்புகளில் ‘வியூ’ மெனுவில் ‘பாட்ஸ்’, அதற்குள் ‘வேரியபிள்ஸ்’ என்று போனால் மாறிகளின் பட்டியல் திறக்கும். புதிய யூசர் மாறி உருவாக்கும் பெட்டியில் பெயரையும் வரையறையையும் எழுதி ‘ஆட்’ பொத்தானை அழுத்த வேண்டும். ஏற்கெனவே உள்ளதைத் திருத்தும்போது அழுத்த வேண்டியது ‘சேஞ்ச்’. அவசரத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரே பொருளுக்கு இரண்டு மாறிகள் உண்டாகிவிடும்.

பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எல்லாமே கணக்கு. ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னொருவர் சிறிய எழுத்தில் தொடங்கியும் ஒரே பெயரை வைத்தால், மென்பொருளுக்கு அவை இரண்டு தனி மாறிகள். ஒன்றை மாற்றும்போது மற்றது பழைய பெயரோடு அப்படியே நிற்கும். பெயரிடும் முறையை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே சிறுகோடு, பொதுச் சொல் முதலில், குறிப்பான சொல் பின்னால் என்பது நன்றாக உதவும். ‘கருவி-முழுப்பெயர்’, ‘கருவி-குறும்பெயர்’, ‘கருவி-பதிப்பு’ என்று வைத்தால் பட்டியலில் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். மாறியின் பெயரில் அதன் மதிப்பை எழுதாதீர்கள். ‘பதிப்பு-3.1’ என்று பெயர் வைத்த மாறிக்குள் 3.2 இருப்பது அடுத்து வருபவரைக் குழப்பும்.

வரையறைக்குள் எழுத்து வடிவத்தையும் சேர்க்கலாம். கருவியின் பெயர் எப்போதும் தடித்த எழுத்தில் வர வேண்டுமானால், தடித்த எழுத்துக்குரிய கேரக்டர் ஃபார்மட்டின் (சேமித்து வைத்த எழுத்து வடிவத்தின்) பெயரைக் கோணக் குறிகளுக்குள் எழுதி, அதன்பின் சொல்லை எழுத வேண்டும். அந்த கேரக்டர் ஃபார்மட் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கோப்பில் தடித்த எழுத்து வராது.

‘சங்கமம் 3’ என்ற பெயர் வரி முடிவில் பிளந்து 3 மட்டும் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க, நடுவே பிரியா இடைவெளி தேவை. வரையறைப் பெட்டியில் பின்சாய்வுக் கோடு, அதையடுத்து ஓர் இடைவெளி என்று தட்டினால் அது கிடைக்கும். பின்சாய்வுக் கோட்டுடன் கூட்டல் குறி சேர்த்தால் பிரியாச் சிறுகோடு. இந்த நுணுக்கத்தை ஒரே இடத்தில் செய்து முடித்துவிடலாம் என்பது மாறி தரும் நல்ல வசதி. கையால் தட்டச்சு செய்யும் எவரும் நூறு இடங்களில் இதை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

எழுதும்போது மாறியைப் போட மெனுவைத் தேட வேண்டாம். கண்ட்ரோல் விசையோடு 0-வை அழுத்தி, மாறிப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி, என்டர் கொடுங்கள். இந்தக் குறுக்குவழி கை பழகினால்தான் எழுத்தாளர்கள் மாறியைப் பயன்படுத்துவார்கள். போட்டபின் அது ஒரே துண்டாக நிற்கும். நடுவே கர்சரை வைத்துத் திருத்த முடியாது. அதுதான் அதன் பலமும்.

வரையறை குடியிருக்கும் இடம்

14 கோப்புகளையும் சேர்த்துக் கட்டுவது ‘புக்’ கோப்பு. அது கோப்புகளின் வரிசையையும் எண்ணிடும் முறையையும் வைத்திருக்கும். அத்தியாய எண் போன்றவற்றை அங்கிருந்தே பகிர்ந்து கொடுக்கும். ஆனால் உங்கள் யூசர் மாறிகளின் வரையறைகள் புக் கோப்பில் இல்லை. ஒவ்வோர் அத்தியாயக் கோப்பும் தன் வரையறையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதாவது ‘கருவி-முழுப்பெயர்’ என்ற மாறிக்கு 14 கோப்புகளில் 14 தனித்தனி வரையறைகள் உள்ளன. அவை ஒத்திருப்பது நீங்கள் ஒத்திருக்க வைத்ததால்தான்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. மூன்றாம் அத்தியாயத்தில் வரையறையை மாற்றிவிட்டு ‘அப்டேட் புக்’ கொடுப்பார்கள். பக்க எண்கள், குறுக்குக் குறிப்புகள், பொருளடக்கம் எல்லாம் புதுப்பிக்கப்படும். மாறியின் வரையறை மற்ற கோப்புகளுக்குப் பரவாது. மூன்றாம் அத்தியாயத்தில் சங்கமம், மற்ற இடங்களில் நீரோடை என்று நூல் அச்சுக்குப் போய்விடும்.

ஆகவே ஒரு கோப்பை மூலமாக நியமியுங்கள். வரையறைகளை அதில் மட்டுமே திருத்த வேண்டும். அங்கிருந்து மற்றவற்றுக்கு ஒரே திசையில் பாய வேண்டும். எந்த அத்தியாயத்திலும் நேரடியாக வரையறையை மாற்றக் கூடாது. அட்டைப் பக்கக் கோப்பையே மூலமாக வைப்போரும் உண்டு. ஆனால் நூலில் சேராத தனிக் கோப்பு ஒன்றே மேல். ஏதேனும் ஓர் அத்தியாயத்தை வேறு பெயரில் சேமித்து, உள்ளடக்கத்தை அழித்துவிட்டு, ஓர் அட்டவணை போடுங்கள். முதல் கட்டத்தில் மாறியின் பெயரைக் கையால் எழுதுங்கள். இரண்டாவதில் அந்த மாறியையே நுழையுங்கள். மூன்றாவதில் எங்கே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரிக் குறிப்பு. குழுவில் யார் திறந்தாலும் என்னென்ன மாறிகள் உண்டு, இப்போது அவற்றின் மதிப்பு என்ன என்பது உடனே தெரியும்.

மூலத்திலிருந்து நூல் முழுதும் அனுப்புவது

முதலில் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். இந்த வேலை பல கோப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. பின்னோக்கிச் செல்ல ‘அன்டூ’வை நம்பக் கூடாது.

மூலக் கோப்பைத் திறந்து வரையறைகளைத் திருத்திச் சேமியுங்கள், மூடாதீர்கள். புக் கோப்பைத் திறந்து, அதிலுள்ள எல்லாக் கோப்புகளையும் திறக்கச் செய்யுங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ‘ஃபைல்’ மெனுவைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்கும் கட்டளை தெரியும். இப்படித் திறந்து வைப்பதற்குக் காரணம் உண்டு: உங்கள் கணினியில் இல்லாத எழுத்துரு, வேறொருவர் பூட்டி வைத்த கோப்பு போன்ற தடங்கல்கள் திறக்கும்போதே வெளிப்பட்டுவிடும். மூடிய கோப்புகள் மீது வேலையை ஏவினால், தடங்கல் உள்ள கோப்பைத் தவிர்த்துவிட்டு மென்பொருள் அடுத்ததற்குப் போய்விடும். பிழைப் பதிவில் மட்டும் ஒரு வரி இருக்கும். அதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை.

அடுத்து, புக் சாளரத்தில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுங்கள். பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் விட்டுவிட வேண்டாம். அவற்றின் பக்கத் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் கருவியின் பெயரும் ஆவண எண்ணும் இருக்கும். பிறகு ‘ஃபைல்’ மெனுவில் ‘இம்போர்ட்’, அதற்குள் ‘ஃபார்மட்ஸ்’. எந்த ஆவணத்திலிருந்து என்ற இடத்தில் மூலக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கே திறந்திருக்கும் ஆவணங்கள் மட்டுமே தெரியும் என்பதால்தான் அதை மூட வேண்டாம் என்றோம்.

இப்போது ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். பெட்டியில் பத்தி வடிவங்கள், பக்க அமைப்புகள், அட்டவணை வடிவங்கள், நிறங்கள், நிபந்தனை உரை அமைப்புகள் என்று நீண்ட வரிசை இருக்கும். உங்களுக்குத் தேவை ‘வேரியபிள் டெஃபினிஷன்ஸ்’ ஒன்று மட்டுமே. மற்ற எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். ‘பேஜ் லேஅவுட்ஸ்’ தவறுதலாக இருந்துவிட்டால், மூலக் கோப்பின் பக்க அமைப்பு எல்லாக் கோப்புகளிலும் ஏறிவிடும். இரண்டு நெடுவரிசையாக இருந்த சொல்லடைவு ஒரே நெடுவரிசையாகிவிடலாம். பெட்டியின் கீழே, கையால் செய்த பக்க முறிவுகளையும் வடிவ மீறல்களையும் நீக்கும் குறிகள் உண்டு. அவற்றையும் தொடாதீர்கள்.

இறக்குமதி முடிந்ததும் எல்லாவற்றையும் சேமித்து, அதன்பின் புக்கைப் புதுப்பியுங்கள். இந்த வரிசை முக்கியம். ஐந்து எழுத்துப் பெயர் பத்து எழுத்தானால் வரிகள் நீளும், பக்கங்கள் நகரும், அத்தியாயத் தலைப்பில் மாறி இருந்தால் பொருளடக்கத்தின் வாசகமே மாறும். புதுப்பிக்காமல் பிடிஎஃப் எடுத்தால் பொருளடக்கம் பழைய பெயரையும் பழைய பக்க எண்ணையும் காட்டும்.

இந்த இறக்குமதி சேர்க்கும், மேலெழுதும், எதையும் நீக்காது. மூலத்தில் நீங்கள் ஒரு மாறியின் பெயரையே மாற்றிவிட்டால், அத்தியாயங்களில் பழைய பெயருள்ள மாறி பழைய வரையறையோடு அப்படியே இருக்கும், புதியது யாரும் பயன்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எனவே மாறியின் வரையறையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள். மாறியின் பெயரை மட்டும் நூல் தொடங்கியபின் மாற்ற வேண்டாம்.

பயன்பாட்டில் உள்ள மாறியை நீக்கினால், ஃபிரேம்மேக்கர் உறுதி கேட்டுவிட்டு, அது இருந்த இடங்களில் சாதாரண எழுத்தாக மாற்றிவிடும். பக்கத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இருக்காது. அடுத்த பெயர் மாற்றத்தின்போதுதான் அந்த இடங்கள் பிடிவாதமாகப் பழைய பெயரையே காட்டும்.

சிஸ்டம் மாறிகளில் மூன்று பொறிகள்

வரையறைகளை இறக்குமதி செய்யும்போது யூசர் மாறிகளோடு சிஸ்டம் மாறிகளின் வரையறைகளும் வருகின்றன. இதில் அடிபடுவது பக்கத் தலைப்பு. அத்தியாயங்களில் ‘ரன்னிங் ஹெச்/எஃப் 1’ என்ற மாறி, அத்தியாயத் தலைப்புப் பத்தியை எடுத்துக் காட்டும்படி வரையறுக்கப்பட்டிருக்கும். பின்னிணைப்புகளில் அதே மாறி, பின்னிணைப்புத் தலைப்பைக் காட்டும்படி இருக்கும். மூலக் கோப்பு அத்தியாயத்திலிருந்து பிறந்ததால், இறக்குமதிக்குப் பின் பின்னிணைப்புகளும் அத்தியாயத் தலைப்பைத் தேடும். அந்தப் பத்தி அங்கே இல்லை. பக்கத் தலைப்பு வெறுமையாகிவிடும்.

இதற்கு எளிய வழி, எல்லாக் கோப்புக்கும் பொருந்தும் ஒரே வரையறை. டாலர் குறியோடு தொடங்கும் ‘பாராடெக்ஸ்ட்’ கட்டளையின் சதுர அடைப்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பத்தி வடிவப் பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதலாம். அத்தியாயத் தலைப்பு, பின்னிணைப்புத் தலைப்பு, பொருளடக்கத் தலைப்பு மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டால், எந்தக் கோப்பில் எது இருக்கிறதோ அதை அது எடுத்துக்கொள்ளும். பத்தி வடிவத்தின் பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் வெறுமைதான் கிடைக்கும்.

இரண்டாவது பொறி தேதி. அட்டையில் ‘கரன்ட் டேட்’ மாறியைப் போடுவது வசதியாகத் தோன்றும். மார்ச்சில் வெளியான கையேட்டை ஆகஸ்டில் மறுபடி பிடிஎஃப் எடுத்தால் ஆகஸ்ட் என்று காட்டும். ‘மாடிஃபிகேஷன் டேட்’ கடைசியாகச் சேமித்த நாளைக் காட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக. ஒரு காற்புள்ளியைத் திருத்திய அத்தியாயம் ஒரு தேதியையும் மற்றவை வேறு தேதியையும் தாங்கி நிற்கும். வெளியீட்டுத் தேதி என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. அதை யூசர் மாறியாக வைத்துக் கையால் எழுதுங்கள்.

மூன்றாவது, ‘பேஜ் கவுன்ட்’. பக்கம் 5 / 20 என்று அடியில் காட்ட இதைப் போடுகிறார்கள். அது எண்ணுவது அந்தக் கோப்பின் பக்கங்களை. நூலின் மொத்தப் பக்கங்களை அல்ல. மொத்தம் வேண்டுமானால் நூலின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரு பத்திக்கு, பக்க எண்ணை மட்டும் காட்டும் குறுக்குக் குறிப்பு கொடுக்க வேண்டும். பக்க எண்கள் நூல் முழுதும் தொடராக ஓடும்போது மட்டுமே அது சரியாக இருக்கும்.

தமிழில் எழுதும்போது

மாறிகள் ஆங்கில வாக்கியங்களை மனதில் வைத்து வளர்ந்தவை. அங்கே பெயர்ச்சொல் பெரும்பாலும் வடிவம் மாறாமல் நிற்கும். தமிழில் அப்படியில்லை. நீரோடை, நீரோடையை, நீரோடையில், நீரோடைக்கு. மாறியை நுழைத்து அதன் பின்னால் ‘யை’ என்று ஒட்டிவிட்டால், பெயர் சங்கமம் ஆன நாளில் ‘சங்கமம்யை’ என்று அச்சாகும். வர வேண்டியதோ ‘சங்கமத்தை’. அம் என்று முடியும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது அத்து பெறும். ஐ என்று முடியும் பெயர் யகர உடம்படுமெய் பெறும். எந்த மென்பொருளின் மாறிக்கும் இந்த இலக்கணம் தெரியாது.

அதனால் வாக்கியத்தை வேறு விதமாகக் கட்டுங்கள். உருபை ஏற்க ஒரு பொதுச்சொல்லை மாறிக்குப் பின்னால் நிறுத்துங்கள்: ‘சங்கமம் கருவியை அணைக்கவும்’, ‘சங்கமம் கருவியின் முகப்பில்’, ‘சங்கமம் கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் முன்’. இங்கே மாறியாக இருப்பது சங்கமம் மட்டும். கருவி என்ற சொல் சாதாரண எழுத்து. பெயர் எதுவானாலும் வாக்கியம் உடையாது. பெயரைத் தடித்த எழுத்தில் வைத்தால், ‘சங்கமக் கருவி’ என்று புணர்ச்சி வரவில்லையே என்ற உறுத்தலும் இராது. பெயர் தனித்து நிற்பது கண்ணுக்கே தெரியும். எண்ணாகவோ ஆங்கிலச் சுருக்கமாகவோ உள்ள மாடல் பெயர்களுக்குச் சிறுகோடிட்டு உருபை ஒட்டும் வழக்கமும் உண்டு என்றாலும், 200-ஐ, 200-இல் என்பவை சத்தமாகப் படிப்பவருக்கு இடறும். பொதுச்சொல்லே நல்லது.

மாறிக்கு முன்னால் வரும் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘இந்த நீரோடை’ என்று எழுதிய இடத்தில் பெயர் மாறியதும் ‘இந்தச் சங்கமம்’ என்று ஒற்று மிக வேண்டும். அந்த, எந்த ஆகியவற்றுக்கும், இரண்டாம், நான்காம் வேற்றுமை ஏற்ற சொற்களுக்கும் இதே நிலை. இவற்றை மாறிக்கு நேர் முன்னால் வைக்காமல் இருந்தால் போதும். ‘உங்கள்’ என்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘உங்கள் சங்கமம் கருவி’ என்று தாராளமாக எழுதலாம்.

ஆங்கில மூலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு நடந்தால், மொழிபெயர்ப்பாளருக்கு மாறிகளின் பட்டியலையும் இன்றைய மதிப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். வாக்கியத்தில் வெறும் குறி மட்டுமே தெரிந்தால், அது கருவியா, பொத்தானா, ஊரா என்று தெரியாமல் எப்படி எழுதுவார்?

ஒரே அத்தியாயம், இரண்டு நூல்கள்

பாதுகாப்பு விதிகள் அத்தியாயம் சங்கமம் கையேட்டிலும் வேறொரு கருவியின் கையேட்டிலும் வருகிறது. இரண்டு புக் கோப்புகளும் அந்த ஒரே கோப்பைச் சுட்டுகின்றன. வரையறை கோப்புக்குள் குடியிருப்பதால், ஒரு நேரத்தில் அதற்கு ஒரே மதிப்புதான். ஆகவே ஒவ்வொரு முறை பிடிஎஃப் எடுக்கும் முன்பும் அந்த நூலுக்குரிய மூலக் கோப்பிலிருந்து வரையறைகளை மறுபடி இறக்குமதி செய்ய வேண்டும். இரண்டு நூல்களுக்கு இரண்டு மூலக் கோப்புகள். மாறிகளின் பெயர்கள் இரண்டிலும் ஒன்றே, மதிப்புகள் மட்டும் வேறு. இதை வெளியீட்டுப் பட்டியலின் முதல் வரியாக எழுதி வைக்காத குழு, ஒரு நாள் தவறான கருவியின் பெயரோடு பாதுகாப்பு விதிகளை வெளியிட்டே தீரும்.

இப்படிப் பகிரும் கோப்புகள் பெருகும்போது வேறு மென்பொருள்களைப் பார்ப்பது நியாயம். மேட்கேப் ஃபிளேரில் மாறிகள் திட்ட அளவில் தொகுப்பாக இருக்கும். ஒவ்வொரு வெளியீட்டு இலக்குக்கும் வேறு மதிப்பு கொடுக்கலாம். தொழில்நுட்ப ஆவணங்களைக் கட்டமைப்பதற்கான டிட்டா தரத்தின் 2010-இல் வந்த 1.2 பதிப்பு ‘கீ’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் உள்ளடக்கத்தைத் தாங்கும் ‘டாபிக்’ கோப்பு ஒரு பெயரை மட்டும் சுட்டும். அதற்குரிய சொல்லை, நூலின் கோப்புகளை வரிசைப்படுத்தும் ‘மேப்’ கோப்பு தரும். அதே ‘டாபிக்’ வேறு ‘மேப்’பில் சேரும்போது வேறு சொல் தானாகவே வந்துவிடும். ஸ்பிங்க்ஸ், ஆஸ்கிடாக்டர் போன்ற எளிய உரை சார்ந்த கருவிகளிலும் ஒரு மைய இடத்தில் வரையறுத்து எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக்கலாம். ஆனால் நிரல் துண்டுகளுக்குள் இயல்பாக அவை விரியாது என்பதால், கட்டளை எடுத்துக்காட்டுகளில் பதிப்பு எண் வரும் இடங்களைத் தனியே கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆவணப் பண்புகளைப் புலங்களாக (ஃபீல்டுகளாக) நுழைக்கலாம். அங்கும் ஒவ்வொரு கோப்பும் தனி. மேலும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினாலும் பக்கத் தலைப்புக்குள் உள்ள புலங்கள் அந்தத் தேர்வில் சேராது.

வெளியிடும் முன் தேட வேண்டிய இடங்கள்

இறுதி பிடிஎஃப் கோப்பைத் திறந்து பழைய பெயரைத் தேடுங்கள்; பழைய பதிப்பு எண்ணையும் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் அது யாரோ கையால் தட்டச்சு செய்த இடம். ஃபிரேம்மேக்கரில் அந்த இடத்துக்குப் போய் மாறியைப் போடுங்கள். சொல்லை மட்டும் திருத்திவிட்டு வர வேண்டாம். மாறிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க, தேடும் பெட்டியில் ‘எனி வேரியபிள்’ என்றும், குறிப்பிட்ட பெயருள்ள மாறி என்றும் தேடும் வசதிகள் உண்டு. புக் முழுவதிலும் தேடலாம்.

மாறிகள் எட்டாத இடங்களை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். சொல்லடைவுக்காக வைக்கும் மார்க்கர்களுக்குள் இருப்பது வெறும் எழுத்து. அங்கே மாறி வேலை செய்யாது, எனவே சொல்லடைவில் பழைய பெயர் அகர வரிசைப்படி ‘நீ’ என்ற எழுத்தின் கீழேயே உட்கார்ந்திருக்கும். திரைப்பிடிப்புகளிலும் வரைபடங்களிலும் உள்ள பெயர் படத்தின் பகுதி; பிடிஎஃப் தேடலிலும் பெரும்பாலும் சிக்காது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் உள்ள தலைப்பு, கோப்பின் பெயர், பதிவிறக்கப் பக்கத்தில் அதற்குக் கொடுக்கும் சுட்டியின் பெயர் ஆகியவற்றையும் கையால்தான் மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் மூலக் கோப்பின் அட்டவணைக்குக் கீழே பட்டியலாக எழுதி வைத்தால், பெயரை மாற்ற வருபவர் அதே பக்கத்தில் அவற்றையும் பார்த்துவிடுவார்.